சிலேட்டில் ஒரு ஸ்னூக்கர் சண்டை

1994, நவம்பர் 9, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. லீவு விடுவார்களா என்று பிள்ளைகளைவிட எனக்குத்தான் ஆசை. விடவில்லை. ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் வரிசையாகத் தும்மினார்கள். பின்னக் கணக்கு நாளைக்குத் தள்ளிவைப்பு.

வாங்க: கட்டுத் துணி இரண்டு சுருள், டெட்டால், ரவை, பலப்பம். பலப்பத்தைப் பள்ளியிலிருந்து எடுத்துவரக் கூச்சம். இந்த மாதம் மூன்றாவது பெட்டி.

கேபிள்காரர் மத்தியானம் வந்து ஒயரை மாற்றிவிட்டுப் போனாராம். அதுவரை இவர் டிவி முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நான் வீட்டுக்கு வரும்போது படம் வந்துவிட்டது. பச்சை மேஜை, அரைக்கோட்டு போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள், உருளும் பந்துகள். அறுபத்தொரு வயது மனிதரின் சந்தோஷம் இவ்வளவுதான்.

சாயங்காலம் கண்ணப்பன். (இனி க. போதும், கை வலிக்கிறது.) முடிச்சூரில் நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு செங்கல், மணல் வியாபாரம் செய்கிறவர். கிளப்பில் இவரோடு ஆடிப் பழக்கம், இருபது வருஷமாக. ஆபரேஷனுக்குப் பிறகு இவர் கிளப்புக்குப் போவதில்லை, அதனால் க. இங்கே வருகிறார். குடையை மடக்கும் முன்பே தொடங்கிவிட்டார்.

"இன்னா சார், பாத்தீங்களா நேத்து? கால் மணி நேரத்துல ஆளு மொத்த டேபிளையும் காலி பண்ட்டான். உங்க காலத்து ஆளுங்களா இருந்தா இன்னும் குச்சிக்கு சாக் தடவிக்கினு இருப்பாங்கோ."

இவர் பதில் எழுதச் சிலேட்டை எடுத்தார். இனி ஒன்பது மணிவரை எனக்கு ஹாலில் வேலை இல்லை.

நவம்பர் 11, வெள்ளி

வெயில். துணியெல்லாம் மாடியில். மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது.

சண்டை என்னவென்று நானும் இன்று உட்கார்ந்து கேட்டேன். தினமும் இதே சண்டைதான், எனக்குத்தான் காதில் ஏறியதில்லை. இவர் கட்சி, பழைய ஆட்டக்காரர்கள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு மெட்ராஸில் ஏதோ ஒரு கிளப்பில் ஒரு வெள்ளைக்காரர் வந்து ஆடிக் காட்டினாராம். அவருக்கு ஈடு இன்றுவரை பிறக்கவில்லை. க. கட்சி, டிவியில் வருகிற இந்தக் காலத்துப் பையன்கள். அதிலும் ஒல்லியாக ஒருவன் வருகிறான், அவன் பெயர் வாயில் நுழையாததால் 'நம்ம ஒல்லி'.

இவர் எழுதியது: 'துணி.' அதற்கு மேல் எழுத வேண்டாம், க.வுக்குப் புரிந்துவிடும். எனக்காக இவர் விளக்கி எழுதினார். அந்தக் காலத்தில் மேஜைத் துணி கம்பளி மாதிரி தடிமனாம். இஸ்திரி போட்டுத்தான் ஆடுவார்களாம். நம் ஊர் ஈரக்காற்றில் பந்து பாதி வழியில் நின்றுவிடுமாம். அதில் ஐம்பது புள்ளி எடுத்தவன் ஆட்டக்காரன். ஏ.சி. ரூமில் வழவழவென்று துணி போட்டுக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் அடிப்பான்.

"அது கரெக்டு சார், இல்லன்னு யார் சொன்னா? ஆனா உங்க ஆளு அந்தச் சிவப்புப் பந்துக் கும்பலைத் தொடவே பயப்படுவாரு. பொண்ணு பாக்க வந்தவன் கணக்கா தூர நின்னு பாத்துக்கினே இருப்பாரு. இவனுங்க நேரா பூந்து அடிக்கிறானுங்க."

பலப்பம் உடைந்தது. பெரிய எழுத்தில்: 'முட்டாள்.'

"முட்டாள்தான் சார். கண்ணு நல்லா தெரியுது."

இவருக்குக் கோபம் வந்தால் கழுத்து ஓட்டை வழியாக மூச்சு விசில் அடிக்கும், மேலே கட்டிய துணி படபடக்கும். போன வருஷம் மே மாதம் குரல்வளையை எடுத்த புதிதில் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே சமையலறையிலிருந்து ஓடி வருவேன். இப்போது கேட்காவிட்டால்தான் ஓடி வருகிறேன். சண்டை நடந்த ராத்திரி நாலு இட்லி சாப்பிடுகிறார். இல்லாத ராத்திரி ஒன்று, அதிலும் பாதி தட்டில்.

கேட்டில் க.விடம் சொன்னேன், ஒரு நாளும் தவறாமல் வரச்சொல்லி.

"வந்து சண்டை போடச் சொல்றீங்களா அண்ணி?"

"ஆமாம்."

"அதுக்கு இன்னா, சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு அதான் வேலை."

என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டால்: பந்தைக் குழியில் தள்ளுகிறார்கள், இன்னொருவர் எடுத்து மறுபடி மேஜையில் வைக்கிறார். நான் பாத்திரம் கழுவுவதும் அதே மாதிரிதான், அதை யாரும் டிவியில் காட்டுவதில்லை.

கழுத்துத் துணி மாற்றும்போது இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவு. புதுத் துணியைக் கட்டி முடித்தேன். பிறகு டிவி பார்க்கையில் இவர் விரல் அதே இடத்துக்குப் போய்த் தடவிவிட்டு இறங்கியது. எத்தனை நாளாகத் தெரியுமோ.

நவம்பர் 12, சனி

ஆஸ்பத்திரி. க. காரில் கூட்டிப்போகிறேன் என்றார், இவருக்கு இஷ்டமில்லை. மின்சார ரயில். கட்டியில் ஊசி குத்திச் சாம்பிள் எடுத்தார்கள். புதன்கிழமை வரச் சொன்னார்கள்.

பால்காரரிடம் நாளை அரை லிட்டர் குறைக்கச் சொல்ல மறந்தேன்.

நவம்பர் 16, புதன்

மறுபடி வந்துவிட்டது.

டாக்டர் இளவயது. மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தபடியே பேசினார். "இந்தத் தடவை ஊசி மருந்து, கூடவே ரேடியேஷன், அதான் கரண்ட் வைக்கிறது. திங்கட்கிழமை காலைல வந்து அட்மிட் ஆயிடணும். சிரமமாத்தான் இருக்கும். சார் சம்மதம் சொல்லணும்." இவர் துணி மாற்றப் போனபோது நான் தனியாகக் கேட்டேன், செய்தால் எவ்வளவு நாள் என்று. "சிலருக்கு ஒரு வருஷம்கூடக் கிடைச்சிருக்கும்மா." செய்யாவிட்டால்? மறுபடி பேப்பர் வெயிட்.

ரயிலில் சிலேட்டை நீட்டினார்: 'என்ன சொன்னார்?'

சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். கணக்கு டீச்சர், எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர் எழுதினார்: 'யோசிக்கிறேன்.' வேட்டி நுனியால் துடைத்தார். தாம்பரம் வரும்வரை வெறும் சிலேட்டு மடியில்.

டெலிபோன் பூத்திலிருந்து பெங்களூருக்குச் சுதாவுக்குப் போன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது, அவள் மட்டும் அடுத்த வாரம் வருகிறாள். அழவில்லை. "அப்பா சரின்னுதான்மா சொல்வார். அவர் எதை விட்டுக்கொடுத்திருக்கார்?" நியாயம்தான். கத்தரிக்காய்க்காரியிடம்கூட விட்டுக்கொடுக்காத மனிதர். அந்த நம்பிக்கையில்தான் நானும் படுக்கப் போகிறேன்.

க. வந்தார். இன்று சண்டை சுமார்.

நவம்பர் 17, வியாழன்

எழுத மனமில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அடுப்பில் ரசம். ஹாலில் டிவி. ஒல்லி ஆடிக்கொண்டிருந்தான் போல, க. கைதட்டும் சத்தம். "சார், இதுக்கு இன்னா சொல்றீங்க? சொல்லுங்க பாப்போம்!" வழக்கமாக உடனே பலப்பம் கிறீச்சிடும். இன்று கேட்கவில்லை. பிறகு க. கத்தினார்.

"அண்ணி! அண்ணி! ஓடியாங்க!"

மூச்சு அடைத்துவிட்டது என்று நினைத்துக் கரண்டியோடு ஓடினேன். க. சிலேட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார். குண்டு குண்டாக, அழுத்தாத எழுத்து.

'நீ சொன்னதுதான் சரி. இவர்கள்தான் பெரிய ஆட்டக்காரர்கள்.'

"ஒன்றரை வருசம் அண்ணி! சார் எழுத்து மூலமா குடுத்துட்டாரு! நீங்கதான் சாட்சி!" இவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். இவரும் சிரித்தார். துணி படபடக்கவில்லை. மூச்சு ஒழுங்காக, நிதானமாக வந்துகொண்டிருந்தது.

க.வின் சந்தோஷத்தில் அது அவர் கண்ணில் படவில்லை. ஆட்டம் பாதியில் இருக்கும்போதே இவர் டிவியைக் காட்டிக் கையை அசைத்தார், அணைக்கச் சொல்லி. ரசம் பொங்கி அடுப்பு அணைந்துபோயிருந்தது.

பாதி இட்லி. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது.

நவம்பர் 18, வெள்ளி

திரும்பவும் மழை. வாசலில் கணுக்கால் தண்ணீர்.

ஐந்து மணிக்கு க., கையில் ஸ்வீட் டப்பா. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் புதிதாக ஸ்னூக்கர் பார்லர் வந்திருக்கிறதே, அங்கே எல்லாருக்கும் லட்டு கொடுத்து 'சார் தோத்துட்டாரு' என்று சொல்லிவிட்டு வருகிறாராம். நான் குடையோடு கேட்டிலேயே மறித்துக்கொண்டேன். கட்டி, ரிசல்ட், திங்கட்கிழமை, இன்னும் சம்மதம் சொல்லாதது, எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி போட்டுச் சாம்பிள் எடுத்ததுவரைதான் அவருக்குத் தெரியும்.

"ரிசல்ட் வந்த மறுநாள்தான் உங்ககிட்ட ஒத்துக்கிட்டார்."

க. ஸ்வீட் டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நான் லட்டு குடுத்துக்கினு வரேன் அண்ணி."

"தெரியாமத்தானே."

"ஊருக்கே குடுத்தேன்."

உள்ளே போய் செருப்பைக்கூடக் கழற்றாமல் இவர் முன்னால் உட்கார்ந்தார். "சார், ராத்திரி பூரா யோசிச்சேன். நான் சொன்னது தப்பு. பழைய ஆளுங்கதான் சார் ஆளுங்க. அந்தக் கம்பளித் துணில இந்த ஒல்லிய வுட்டா அழுதுருவான். பந்து கனம் வேற. வெளிச்சம் வேற. காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே ஆட்டம் ஆடுவாங்கோ, இவன் நின்னுருவானா?" இவர் எழுதி எழுதி அழித்த பாயிண்டெல்லாம் ஒன்று விடாமல் வந்தது. அத்தனையும் மனப்பாடம். எதிர்க்கட்சியில் உட்கார்ந்து இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார்.

இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுதினார்: 'இல்லை. ஒல்லிதான்.'

"சண்டை போடுங்க சார். இன்னா சார் நீங்க."

இவர் அவர் முழங்காலில் தட்டிக் கொடுத்தார். ஆறுதல் சொல்வது இவர், வாங்கிக்கொள்வது அவர். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. க. எழுந்தபோது நடக்கவே தெரியாதவர் மாதிரி நாற்காலியில் இடித்துக்கொண்டு போனார்.

நவம்பர் 20, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. விடைத்தாள் திருத்தம், தலைவலி. க. வரவில்லை.

மத்தியானம் டிவியை நானே போட்டேன். பச்சை மேஜை வந்தது. எனக்குத் தெரிந்த மாதிரி ஒன்று சொல்லிப் பார்த்தேன். "உங்க வெள்ளைக்காரர் தூங்குமூஞ்சி. இவன் எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கான்." இவர் தலையாட்டினார். பந்தைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது என்பது நாடறிந்த விஷயம், அதற்கும் தலையாட்டினார்.

நேராகக் கேட்டுவிட்டேன். "ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

சிலேட்டை நிரப்பி, அழித்து, மறுபடி நிரப்பினார். கேபிள் வந்த முதல் நாளே தெரிந்துவிட்டதாம். அந்த வெள்ளைக்காரர் இந்தப் பையன்களோடு ஆடினால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வாய்ப்பு வராதாம்.

"அப்புறம் எதுக்கு ஒன்றரை வருஷம் சண்டை?"

'ஒத்துக்கொண்டால் அவன் எதற்கு வருவான்?'

"இப்ப?"

'இனி வர வேண்டாம். பார்க்க நன்றாக இருக்காது.'

கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். "அவர் வர வேண்டாம், டாக்டர் வேண்டாம், மருந்து வேண்டாம். நான் எங்க போகட்டும்? எனக்கு யார் வருவா?" சிலேட்டைத் துடைத்தார். "நாளைக்கு வர்றீங்களா இல்லையா?" இடமும் வலமும் தலை அசைந்தது. வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிற பையன்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசமில்லை என்றேன். கோழை என்றேன். முப்பது வருஷத்தில் இவரை நான் அப்படிச் சொன்னதில்லை.

அதற்கும் மெல்லத் தலையாட்டினார். அதையும் ஒத்துக்கொண்டார்.

பை தயாராக வைத்திருக்கிறேன். துண்டு, டம்ளர், கட்டுத் துணி, ரிப்போர்ட், இரண்டு வேட்டி. க.வுக்குப் பூத்திலிருந்து போன் செய்து ஏழு மணிக்குக் காரோடு வரச் சொன்னேன்.

நவம்பர் 21, திங்கள்

மழை இல்லை. நல்ல வெயில். பஸ் ஓடுகிறது, ரயில் ஓடுகிறது.

இவர் எனக்கு முன்பே எழுந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். கழுத்துத் துணியும் தானாகவே மாற்றிக்கொண்டார். நான் நம்பிவிட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

கார் கதவைத் திறந்து பிடித்தபடி க. நின்றார். இவர் ஏறவில்லை. சிலேட்டைக் காட்டினார். வரும்போதே எழுதி எடுத்து வந்திருக்கிறார்: 'கடைக்கு நேரமாகும். போ.'

"ஏறுங்க சார். வண்டில உக்காந்துக்கினு என்னைத் திட்டுங்க சார். எவ்ளோ வேணா திட்டுங்க."

இவர் க.வின் தோளில் கை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு திரும்பி, படியைப் பிடித்து மெதுவாக ஏறி உள்ளே வந்துவிட்டார்.

துண்டையும் வேட்டியையும் அலமாரியில் வைத்தேன். ரிப்போர்ட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஒன்பது மணி. கார் இன்னும் போகவில்லை. க. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார், வண்டியைக் கிளப்பவில்லை. உள்ளே இவர், போடாத டிவி முன்னால். இரண்டு டம்ளரில் காபி ஆற்றி வைத்திருக்கிறேன். யாருக்கு முதலில் கொண்டு போவது.