பேரி போட்ட சாட்சிக் கையெழுத்து

விண்டம்,
மே 17

என் கண்ணு ஐல்சாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி கீத் குடும்பமும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அபர்டீனில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு இடுப்புவலி மட்டும் விடவில்லை, ஆபரேஷனுக்குப் பெயர் கொடுங்கள் என்றால் கன்று ஈனும் காலம் முடியட்டும் என்கிறார், எந்த வருஷத்துக் கன்று என்றுதான் சொல்வதில்லை. கீத்தின் சின்னவளுக்கு இரண்டு பல் முளைத்து என் விரலைக் கடித்தே புண்ணாக்கிவிட்டாள். மாடுகளுக்குப் பால் வற்றவிட்டாயிற்று, கறவை இல்லாத இந்த நாட்களில் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஜூன் ஒன்றாம் தேதி வருகிறதல்லவா, ஊரில் பாதிப் பேர் மாட்டையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு பண்ணை மாறும் நாள், அந்தத் தேதிக்குள் பண்ணை தன் கைக்கு வந்தாக வேண்டும் என்று கீத் ஒற்றைக் காலில் நிற்கிறான். அதைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும், சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். வீடும் நிலமும் முழுக்க அப்பாவுக்கே சொந்தம், எனக்கு அதில் பங்கில்லை என்று அப்பாவும் நானும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டுமாம். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷம் கழித்துப் புருஷனும் பெண்டாட்டியும் ஒப்பந்தம் போடுவதைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும், எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. அப்பா சிரிக்கவில்லை. "உன் பாதியை நீ ஐல்சாவுக்கு எழுதி வச்சேன்னு வச்சுக்கோ, கீத் நிலத்தை வித்துத்தானே அவளுக்குக் குடுக்கணும்? அப்புறம் பண்ணை ஏது?" என்றார். உனக்கு எழுதி வைக்கத்தான் நினைத்திருந்தேன், வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை, இவருக்கு எப்படித் தெரிந்ததோ. கீத் வேறு, "நீ போடலைன்னா நான் கடல் தாண்டி பெர்த் பக்கம் சுரங்கத்து வேலைக்குப் போயிடுவேன்மா, டானியாவும் பிள்ளைங்களும் என்கூட வந்துருவாங்க" என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னான். சின்னவள் அப்போது என் மடியில் இருந்தாள்.

அதனால் போட்டேன். பக்கத்துப் பண்ணை பேரியைக் கூப்பிட்டோம், இந்த ஊரில் எந்தக் காகிதமானாலும் சாட்சிக் கையெழுத்துப் போட அரசாங்கம் முத்திரை கொடுத்து வைத்திருப்பது அவரிடம்தானே, உன் பாஸ்போர்ட் படத்தில்கூட அவர்தான் போட்டார். அடுப்படி மேஜையிலேயே எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. "என்ன லோர்னா, டங்கனை விவாகரத்து பண்றியா?" என்று கேட்டுவிட்டு, நான் சுட்டு வைத்திருந்த சீஸ் ரோல் ஆறையும் தின்றுவிட்டுப் போனார். நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. படித்தால் போடமாட்டேன் என்று தெரியும்.

ஆனால் அது செல்லாதாம். அப்பாவின் வக்கீல் திருப்பி அனுப்பிவிட்டார். ஆளுக்கு ஒரு வக்கீல் தனித்தனியாக இருக்க வேண்டும், என் வக்கீல் எனக்கு ஒவ்வொரு வரியாக விளக்கிச் சொல்ல வேண்டும், நான் எதை விடுகிறேன் என்று எனக்குப் புரிந்த பிறகு அவர் கண் முன்னால்தான் போட வேண்டும், விளக்கினேன் என்று அவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். தெரியாமல் போட்டது செல்லாது, தெரிந்து போட்டால்தான் செல்லும், எப்படி இருக்கிறது பார் சட்டம். போன செவ்வாய் அப்பாவே என்னை இன்வர்கார்கிலுக்கு வண்டியில் கூட்டிப்போனார். வக்கீல் ஆபீஸ் வாசலில் அப்பா பழக்கதோஷத்தில் ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்துவிட்டார், அதில் ஒன்றில் கட்டைவிரல் வெளியே தெரிகிறது. திருமதி டாப்செல் என்று ஒரு வக்கீலம்மா, உன் வயசுதான் இருக்கும், "நீங்க வெளியில இருங்க ஐயா, இந்த ரூமுக்குள்ள அவங்க மட்டும்தான்" என்று கதவைச் சாத்திவிட்டாள். மனுஷன் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தின பையன் மாதிரி நின்றார், எனக்குப் பாவமாக இருந்தது, என் கதையைப் பார், பரிதாபப்பட வேண்டியது யாரைப் பார்த்து என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஒன்றரை மணி நேரம் விளக்கினாள். வீட்டிலும், கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வாங்கின ஆற்றோரத்து மேய்ச்சல் நிலத்திலும் பாதி எனக்கு உண்டாம், இதில் போட்டால் அதெல்லாம் போய்விடுமாம். கோர் ஊரில் அப்பா வாங்கப் போகிற சின்ன வீட்டில் நான் சாகும்வரை இருக்கலாம், விற்கவோ யாருக்கும் எழுதி வைக்கவோ முடியாது. பிறகு ஒன்பதாவது பத்தியைப் படித்தாள். பண்ணையில் மனைவி செய்த வேலைகள் அன்பின் பேரில் செய்யப்பட்டவை, அவற்றைக் காட்டி அவர் உரிமை கோர முடியாது என்று இருந்தது. "இதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குப் புரியுதா?" என்றாள். புரியுது என்றேன். முப்பத்து நாலு வருஷம் விடிகாலை நாலரைக்கு எழுந்து கறந்ததும், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு சேற்றில் கன்றை இழுத்துப் போட்டதும், மணிக்கட்டு உடைந்த வாரமே கட்டோடு கொட்டகைக்குள் நின்றதும் எல்லாம் அன்பு. அன்புதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலையும்தானே ஐல்சா? அங்கேயே அழுதுவிட்டேன். அவள் பேனாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "புருஷன் வாசல்ல நிக்கிறப்போ யாரும் என் மேஜையில கையெழுத்துப் போட வேண்டாம். போடாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். யோசிச்சு அடுத்த வியாழக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டாள்.

வரும் வழியில் அப்பாவிடம் கேட்டேன், மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்த ஒரு வரியை மட்டும் வேலை செய்தாள் என்று மாற்றித் தாருங்கள் என்றேன். வீட்டுக்கு வந்ததும் தன் வக்கீலுக்குப் போன் போட்டார். வேலை என்று எழுதினால் பின்னால் கோர்ட்டில் கிளறலாமாம், அதனால் மாற்ற முடியாதாம். "நீ உழைச்சது எனக்குத் தெரியாதா புள்ள? காகிதத்துல இருந்தாத்தானா?" என்றார். திட்டினாலாவது நான் திருப்பித் திட்டலாம். இந்த மனுஷன் தினமும் காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எனக்குப் படுக்கைக்கே டீ கொண்டுவருகிறார். டானியா வந்து, தான் குடிவரப்போகிற இந்த வீட்டு ஜன்னல்களை அளந்து திரைத்துணிக்குச் சொல்லிவிட்டாள், அதுவும் என்னைக் கேட்டு, எனக்குப் பிடித்த நிறத்திலேயே. எந்தப் பக்கம் திரும்பினாலும் நல்லவர்களாக நிற்கிறார்கள், யாரை இடித்துக்கொண்டு நான் வெளியே போவது?

நான் வியாழக்கிழமை போகிறேன். போடாவிட்டால் கீத் போய்விடுவான், பேத்திகள் போய்விடுவார்கள், அப்பா அந்த இடுப்போடு தனியாகக் கறப்பார். போட்டால் உனக்கென்று நான் வைத்திருந்தது போகும். எதிர் வழக்காட உனக்கு வாய்ப்பில்லாத இடத்தில் நீ இருக்கிறாய், அதனால்தான் உன் பங்கில் கை வைக்கிறேனோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. என்னை மன்னித்துவிடு கண்ணு.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்க இரண்டு வாரம் ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். போனில் சொல்லியிருக்கலாம். நீ வேண்டாம்மா என்று சொல்லியிருப்பாய், நான் கேட்டிருப்பேன்.

நீயும் உன் கூட இருக்கும் அந்தப் பையனும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது இடுப்பைப் பற்றிக் கேள், வேறு எதையும் கேட்காதே.

உன் அன்பு அம்மா,
லோர்னா