பந்திக்கு ஆகும், கண்ணுக்கு ஆகாதாம்

என் தங்க அப்பாவுக்கு,

இன்று காலை உன் கல்லறையில் ஒரே ஒரு மெழுகுவர்த்திதான் ஏற்றினேன். எனக்கு ஐந்து சுடர் தெரிந்தது. போன வருட நினைவுப் பூசையன்று இரண்டுதான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் போர்டு எழுத்து நிழலோடு தெரிந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. தப்புத் தப்பாக எழுதுகிறாள் என்று டீச்சர் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அங்கிருந்து எழுத்தே தெரியவில்லை. நீ போனதும் படிப்பை விட்டுவிட்டேன். இப்போது தையல் கடையில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறேன். அதுவும் இனி முடியாது போலிருக்கிறது.

என் கருவிழி வருடாவருடம் மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் தள்ளுகிறதாம். லென்ஸ் நிற்பதில்லை. இறந்த யாராவது கண் கொடுத்திருந்தால் மாற்றலாம், ஆனால் காத்திருக்க வேண்டும் என்றார் கண் டாக்டரம்மா.

எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ போன அன்று ஆஸ்பத்திரியில் ஒரு அக்கா வந்து கண்தானம் பற்றி மெதுவாகக் கேட்டார். பெரியப்பா கத்தினார். "கடைசி நாள்ல எல்லாரும் உயிர்த்து எழும்போது என் தம்பி மட்டும் குருடனா நிக்கணுமா? போம்மா." நீ எழுதிக் கொடுத்திருந்த கண்தான அட்டை அப்போது என் கைக்குள்தான் இருந்தது. நான் நீட்டவில்லை. என்னைப் போல் காத்திருந்த யாருக்கோ போக வேண்டிய கண்கள் மண்ணுக்குள் போயின. யாருக்கு என்ன கிடைத்தது அப்பா?

டாக்டரம்மா இன்னொரு வழியும் சொன்னார். "பன்னித்தோல்ல இருக்கற புரதத்தை மட்டும் பிரிச்சி, சுத்தம் பண்ணி, லென்ஸ் மாதிரி மெல்லிசா செஞ்சது. உன் கருவிழியை எடுக்க மாட்டோம். சின்னதாக் கீறி உள்ள சொருகுவோம். ஆனா இது இன்னும் சோதனைலதான் இருக்கு, உறுதி சொல்ல முடியாது. படிச்சிப் பாத்து யோசிச்சி வா" என்று படிவத்தைக் கொடுத்தார்.

மதியம் வீட்டில் உன் நினைவுச் சாப்பாடு. உனக்குப் பிடிக்குமென்று அம்மா பன்றிக்கறிதான் சமைத்தாள். அவள் விஷயத்தைச் சொன்னதும் பெரியப்பா கறியைப் பிசைந்தபடியே முகம் சுளித்தார்.

"பன்னித்தோலைக் கண்ணுல வைக்கறதா? சீ."

"தோலு இல்லையாம், அதுல இருக்கற..." அம்மா இழுத்தாள்.

"நாளைக்கு முத்தியால்பேட்டை பூரா பன்னிக்கண்ணுன்னு பேரு வெச்சிடுவாங்க. எவன் கட்டிப்பான் இவள?" என்றாள் அத்தை. "அந்த எலும்பில்லாத துண்டா ரெண்டு போடு அண்ணி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மென்று விழுங்கலாம், பார்க்க மட்டும் கூடாதா? மனுஷன் கண்ணையும் கொடுக்க விட மாட்டார்கள், பன்றியிலிருந்து வந்ததும் வேண்டாம். பார்வை போன பெண்ணைக் கட்டிக்கொள்ள மட்டும் வாசலில் ஆள் நிற்கிறதா?

ஜெபப் புத்தகத்துக்குள் இருந்த உன் அட்டையை எடுத்து வந்து பெரியப்பா தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது அப்பா கையெழுத்து, பெரியப்பா. அன்னிக்கே காட்டியிருக்கணும்."

"ஊமைக்கு வாய் வந்துடுச்சி பாரு" என்றாள் அத்தை.

பெரியப்பா அட்டையைப் படித்தார். அதன் பிறகு கறியைத் தொடவில்லை.

இந்தச் சிகிச்சை பலித்தாலும் சரி, பலிக்காவிட்டாலும் சரி, என் கண்ணைப் பற்றி இனி நான்தான் பேசுவேன். இது உனக்குத் தரும் வாக்கு.

படிவத்தை எடுத்து வந்தேன். பதினெட்டு முடிந்துவிட்டதால் என் கையெழுத்தே போதும். கையெழுத்துப் போட வேண்டிய கோடு மூன்றாகத் தெரிந்தது. எச்சில் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் வந்தாள். "இங்கடி" என்று விரலை வைத்தாள். அந்த விரலை ஒட்டி என் பெயரை எழுதினேன்.

உன் சின்னப் பொண்ணு
செலின்