சனிக்கிழமை, ஆண்கள் முறை

மே மாதக் கடைசி, ஞாயிறு

அன்புள்ள சமுலிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். என் முட்டி அதை ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் நலம். ஏரியில் பனிக்கட்டி முழுக்க உருகிவிட்டது. அப்பா படகைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிவிட்டார். உருளைக்கிழங்கு நட்டாயிற்று. பேத்தி சிக்னே பல் விழுந்த வாயோடு சிரிக்கும் படம் வந்து சேர்ந்தது. சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். அப்பா அடுத்த அறையில் இருந்தார். அதனால்தான் கடிதம். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது என்பது இன்னொரு வசதி.

நீ கேட்டது இதுதான். நடுக்கோடை விழாவுக்கு வரும்போது, நம் கோடை வீட்டுச் சவுனா நீராவியில் பிள்ளைகள் குளிக்கும் நேரம் அப்பா உள்ளே வரக் கூடாது. "நீங்க தனியா குளிச்சுக்கங்க, நாங்க தனியா குளிச்சுக்கறோம். நீயே அவர்கிட்ட பக்குவமா சொல்லிடும்மா" என்றாய். ஏன் என்றதற்கு, உன் மனைவி லினேயாவுக்குச் சங்கடமாக இருக்கிறது என்றாய். அப்பா எடுத்த அந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே எனக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தாய். புரிந்தது.

உன் பள்ளிக்கூடத்துத் தோழன் பெத்தேரி உனக்கு என்ன சொன்னானோ தெரியாது. நடந்ததை நடந்த வரிசையில் நான் சொல்கிறேன். இத்தனை வருஷம் செவிலியராக இருந்தவளுக்கு அறிக்கை எழுதத் தெரியும்.

அப்பாவின் கூட்டாளி கலேவிக்குக் குடலில் அறுவை சிகிச்சை நடந்தது உனக்குத் தெரியும். மலம் இறங்க வயிற்றின் மேல் ஒரு பை வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமை ஆண்கள் முறைக்கு அவர் ஊர்ச் சவுனாப் பக்கமே வரவில்லை. ஆறு வயதிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறாத மனிதர். ஒருநாள் நம் வீட்டுச் சமையலறையில் வந்து நின்றார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "ஒலாவி, இந்தப் பையோட சேத்து என்னை முழுசா ஒரு படம் எடுடா. எல்லாப் பயலும் ஒரு தடவை பாத்துத் தொலைக்கட்டும். அப்புறம் பாக்க மாட்டானுங்க" என்றார்.

அப்பா எடுத்தார். படகுத்துறையில், உடம்பிலிருந்து ஆவி பறக்க, ஒட்டுத் துணியில்லாமல் கலேவி நிற்கிற படம். அந்தப் படத்தை அவரே கொண்டுபோய் ஊர்ச் சவுனாவின் உடை மாற்றும் அறையில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக் காட்டினார். அடுத்த சனிக்கிழமை மேல் பலகையில் அவர் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்து எந்த மருந்தும் அவ்வளவு சீக்கிரம் வேலை செய்ததில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். ரம்பத்தில் விரல்களைப் பறிகொடுத்த தச்சர் வந்தார். பால் வண்டி ஓட்டுகிறவர், "என் தொப்பைய விட்டுட்டு ஊர் வரலாறு எழுதாதே" என்று வந்தார். டயர் கடைத் தபானி கூட வந்தான், தானாகவே. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றானாம். அப்பா அவன் மூச்சு விடும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறார். அதற்காக அவரை இன்னும் அவன் மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரியில் நூலக நடைக்கூடத்தில் படங்களை மாட்டினார்கள். முதல் வாரம் ஊரே வந்தது. பெண்கள் தங்கள் வீட்டுக்காரரைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். ஊர்ப் பெண் பாதிரியார் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "கடவுள் இவ்வளவு பொறுமையா சுருக்கம் போட்டிருக்காரே" என்றார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

இரண்டாம் வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் பெயர் போடாமல் ஒருவர் எழுதினார். அறுபத்தெட்டு வயது ஆள் எதற்கு ஆண்களை அம்மணமாகப் படம் எடுக்க வேண்டும், வீட்டில் வேறு என்னென்ன படங்கள் வைத்திருக்கிறாரோ என்று. அவ்வளவுதான் எழுதியிருந்தது. மீதியை ஊர் தானே எழுதிக்கொண்டது. கடையில் என் முதுகுக்குப் பின்னால், "பாவம் ஹில்க்கா, இத்தனை வருஷம் தெரியாமலே குடும்பம் நடத்தியிருக்கா" என்று ஒருத்தி சொன்னாள். என் முதுகுக்குக் காது கேட்காது என்று நினைத்துவிட்டாள்.

அதற்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஆண்கள்மேல் ஆசை இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், அது குற்றமும் இல்லை. எதிர்வீட்டு மிக்கேலும் அவன் துணைவனும் வாரந்தோறும் நம் வீட்டில்தான் காபி குடிக்கிறார்கள். அதைச் சொல்லி, அதற்குள்ளே குழந்தைகளைப் பற்றிய சந்தேகத்தையும் வைத்துச் சுருட்டிக் கொடுத்தார்களே, அதுதான் அயோக்கியத்தனம். நான் முப்பது வருஷம் ஆண்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன். ஒருவரும் என்னை எப்படிப்பட்டவள் என்று கேட்டதில்லை. தபானியின் கடையில் வருஷா வருஷம் துணியில்லாத பெண்கள் நாள்காட்டியில் தொங்குகிறார்கள். அதை எடுத்தவன் எப்படிப்பட்டவன் என்றும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. வருஷா வருஷம் அப்பா எடுக்கும் வகுப்புப் படத்தை எடுக்க, இந்த இலையுதிர்காலம் நகரத்திலிருந்து ஆள் வருகிறாராம். காரணம் எழுதவில்லை. அப்பா அதைப் படித்துவிட்டுப் பறவைகளுக்குத் தீனி போடப் போனார்.

பிறகு மார்ச்சில் ஒரு சனிக்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். காபியை ஊற்றிக்கொண்டு, "தபானி இன்னைக்கு நீச்சல் கால்சட்டை போட்டுக்கிட்டு பலகையில உக்காந்திருந்தான். அந்தச் சூட்டுல நைலான் உருகி ஒட்டிக்குமேன்னு எனக்குத்தான் கவலையா இருந்துச்சு" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஐம்பது வருஷமாகப் பக்கத்தில் அம்மணமாக உட்கார்ந்தவன், இவர் உள்ளே வந்ததும் எழுந்து போய்க் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மற்றவர்கள் ஆவி எழும்ப அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அடுப்பையே பார்த்திருக்கிறார்கள். இதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முகத்தில் துப்பியிருந்தால்கூடத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

அடுத்த சனிக்கிழமை, ரத்த அழுத்தம், சூடு ஆகாது என்றார். அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்ப்பவள் நான். அது ஒழுங்காகத்தான் இருக்கிறது. இப்போது செவ்வாய்க்கிழமை, யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தனியாகப் போய் வருகிறார்.

கலேவி ஒருவர்தான் வாயைத் திறந்தார். ஒரு சனிக்கிழமை மேல் பலகையிலிருந்தே, "எடுத்தவன விரட்டிட்டீங்க. வரிசையில நின்னு எடுத்துக்கிட்ட நாம மட்டும் யோக்கியமாடா?" என்று கேட்டாராம். அன்றோடு அவரும் செவ்வாய்க்கிழமைக்கு மாறிவிட்டார். இரண்டு கிழவர்களும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசறதில்ல, நல்லா இருக்கு" என்றார் அப்பா.

இனி உன் விஷயம். திங்கட்கிழமை லினேயா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள், சின்னவன் ஆல்வினுக்குப் பின்னுகிற காலுறையின் அளவு சொல்ல. நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "சிக்னே தினமும் கேக்கறா அத்தை, இந்த வருஷம் தாத்தா அவளையே கல்லுல தண்ணி ஊத்த விடுவாரான்னு." அவள் குரலில் எந்தச் சங்கடமும் இல்லை. ஆகவே அந்தச் சங்கடம் யாருடையது என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும். அவள் பெயரை இதில் இழுத்ததற்காக உன்மேல் எனக்குக் கோபம். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

பயம் உன்னுடையது, அதை நான் கேலி செய்யவில்லை. பிள்ளை பெற்றவனுக்குப் பயம் வரும், வரவும் வேண்டும். ஆனால் நீ பிறந்த மூன்றாம் வாரத்தில் உன்னை முதல்முதலாகச் சவுனாவுக்குள் தூக்கிக்கொண்டு போனது அப்பாவின் கைதான். உனக்குப் பத்து வயதில் தண்ணீர்ப் பயம் போகும்வரை ஏரியில் உன் வயிற்றைத் தாங்கிப் பிடித்ததும் அதே கைதான். அந்தக் கையைப் பற்றி உனக்குத் தெரிந்ததையும், பெயர் போடாத ஒருவர் எழுதியதையும் எதிரெதிரே வைத்துப் பார். அவகாசம் எடுத்துக்கொள்.

அப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன். பக்குவமாகவும் மாட்டேன், வேறு எப்படியும் மாட்டேன். நீங்கள் வருகிறீர்கள் என்று மட்டும் தெரியும் அவருக்கு. ஆல்வினுக்கு மேல் பலகை எட்டும்படி ஒரு சின்னப் படி செய்துகொண்டிருக்கிறார்.

விழா அன்று சாயங்காலம் அடுப்பை மூட்டிவிட்டுச் சிக்னேயைக் கூப்பிடுவார். அப்போதும் உனக்கு அப்படியே தோன்றினால், எழுந்து நின்று நீயே அவரிடம் சொல். ஏன் என்று கேட்க மாட்டார், உனக்கே தெரியும். சரி என்று சொல்லிவிட்டுப் படகை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் அவரோடு படகில் ஏறிக்கொள்வேன். பிள்ளைகள், தாத்தா எங்கே என்று கேட்பார்கள். அந்தப் பதிலை மட்டும் வரும் வழியில் தயார் செய்துகொண்டு வா.

உனக்கும் லினேயாவுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நீ நீண்ட ஆயுளோடு இரு, என் கண்ணே. கிழவனாகி உன் முட்டியும் மடங்காத காலத்தில், உன் பேரப்பிள்ளைகள் உன்னைக் கையைப் பிடித்து மேல் பலகையில் ஏற்றிவிடட்டும். அப்போது அவர்களை யாரும் வெளியே கூப்பிடாமல் இருக்கட்டும்.

உன்மேல் உயிராய் இருக்கும்
அம்மா ஹில்க்கா