உன் எலும்புக்குச் சேராத பால்

அக்கா,

கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் பாலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மருமகள் கறந்தது. என் வலது கையில் மாவுக்கட்டு. தேயிலை மலையில் வழுக்கிக் கையை ஊன்றினேன், அதற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எலும்பு கல்லு இல்லம்மா, உசுருள்ளது. பழச இடிச்சு இடிச்சுப் புதுசு கட்டிக்கிட்டே இருக்கும். வயசு போனா இடிக்கிறதுதான் அதிகம், கட்டுறது கொறஞ்சிரும்." உள்ளே பாண் ரொட்டித் துண்டு மாதிரி கண்கண்ணாக இருக்குமாம். என்னுடையதில் கண்ணெல்லாம் பெரிதாகிச் சுவர் மெலிந்துவிட்டதாம். நம் லயத்து வீட்டுச் சுவரைப் பற்றித்தான் பேசுகிறாளோ என்று நினைத்தேன்.

"பால் குடிச்சா சரியாயிருமா?" என்று கேட்டேன்.

"சரியாகாதும்மா. தேயிறது கொஞ்சம் மெதுவாகும். நீங்க சின்ன வயசுலயே குடிச்சிருக்கணும்."

சின்ன வயதில் நீ கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாய். அப்பா மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். அந்தத் தீபாவளிக்கு அதே கையால் மாவு இடித்தாய். பிள்ளைகளின் எலும்பு கொழுந்து மாதிரி, தானே கூடிக்கொள்ளும். அதை நம்பித்தான் நாம் ஏமாந்தோம்.

பிறகு வீட்டுக்கு மாடு வந்தது. பால் வரவில்லை. கறந்ததெல்லாம் ரோட்டில் நிற்கும் பால் வண்டிக்குப் போனது, நமக்குப் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி. நீ மாசமாக இருந்தபோதுகூட ஒரு வாய் குடித்ததில்லை. குடிக்கச் சொன்னால், "நமக்கு எதுக்குடி பாலு? பச்சப் புள்ளையா நாம?" என்று சிரிப்பாய். மூன்று பிள்ளைகளுக்கும் எலும்பு உன் எலும்பிலிருந்துதான் போயிருக்கும்.

வயதான பிறகு, ஒரு மழைக்காலக் காலையில் பால் கேனோடு படியில் வழுக்கி விழுந்தாய். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான் ஓடிவந்து தூக்கியபோது நீ கேட்டது, "பாலு கொட்டிருச்சா?" அதன்பிறகு நீ எழுந்து நடக்கவே இல்லை. வயதான எலும்பு கூடும் கூடும் என்று காத்திருந்தோம். படுக்கையிலேயே போய்விட்டாய்.

மூன்றாம் நாள் பால் தெளிக்கப் போனோம். அன்று மட்டும் பாலை வண்டிக்குக் கொடுக்கவில்லை. உன் மூத்தவன் செம்பு நிறையக் கொண்டுவந்து குழிமேட்டில் உன் தலைமாட்டில் ஊற்றினான். மண் உறிஞ்சிக்கொண்டது. இடிப்பதும் கட்டுவதும் நின்றுபோன எலும்புக்கு இனி எதற்கடா பால் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

டம்ளரை வாயருகே கொண்டுபோனால் அந்த ஈர மண்தான் மணக்கிறது. எனக்கு இறங்காது அக்கா.

"நீயாவது குடிடி, வயித்துல புள்ள இருக்கு" என்று மருமகளிடம் நீட்டினேன்.

"வண்டிக்குக் கொறஞ்சிரும் அத்தே. நமக்கு எதுக்கு பாலு?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக் கேனில் ஊற்றிவிட்டாள்.

உன் சிரிப்பேதான். கீழே வண்டி ஹார்ன் அடித்தது. அவளைத் தூக்கவிடாமல் கேனை நானே இடது கையில் தூக்கிக்கொண்டு, நீ விழுந்த படியில் காலை ஊன்றி ஊன்றி இறங்கினேன்.