கண்ணோரக் கோடு

ஜனவரி 9

கோழிப்பண்ணைக்காரருக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் கோழிகள் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். அவை நலமென்றால் நீங்களும் நலம்தான், அது எனக்குத் தெரியும்.

போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

மொட்டைமாடியில் கோழிக்கூண்டு வைத்துக்கொள்ள வீட்டுக்கார அம்மா சம்மதித்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. "முட்டை போடுறது எத்தனை வேணா வளர்த்துக்கோ. சேவல் சத்தம் கேட்டுச்சுன்னா கோழியோட சேர்ந்து நீயும் காலி பண்ணிடணும்" என்றார். அவர் கணவருக்கு இரவு வேலை. விடிகிற நேரத்தில்தான் வந்து படுக்கிறார்.

ஆகவே எனக்குப் பெட்டைக் குஞ்சு ஆறு வேண்டும். ஆறும் பெட்டையாகவே இருக்க வேண்டும். "கோழி வேண்டாம் என்றுதானே பிரிந்து போனாய்?" என்று கேட்பீர்கள். கோழியை விட்டுத்தான் வந்தேன், முட்டையை விட்டு வரவில்லை.

இப்படிக்கு,
மாடி வீட்டுக்காரி


ஜனவரி 20

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நீ எந்த மாடியில் குடியிருந்தாலும் இந்த வீட்டுக்கு நீதான் அம்மா. உறையின்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீசோ என்று நின்றபடியே பிரித்தேன். குஞ்சுதான் கேட்டிருக்கிறாய் என்று தெரிந்த பிறகே உட்கார்ந்தேன்.

நேற்றுப் பொரித்த ஆறு குஞ்சுகளை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் கலப்பினத்தின் இரண்டாம் தலைமுறை அவை. இறகில் வரி வரியாக இருக்கும் பெட்டையையும் வரியில்லாத பழுப்புச் சேவலையும் சேர்த்தால், முதல் தலைமுறையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல். அந்தச் சேவலை மறுபடி வரிப் பெட்டையோடு சேர்த்தால் அடுத்த தலைமுறையிலேயே எல்லாம் குழம்பிவிடும், பெட்டைக்கும் பொட்டு வந்துவிடும். குஞ்சு, குஞ்சின் குஞ்சு, அதன் குஞ்சு என்று எத்தனை தலைமுறை போனாலும் பொரித்த அன்றே நிறத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை. சிரிக்காதே.

பொட்டு சின்னதாக இருப்பவையாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஆறும் பெட்டைதான். பந்தயம்!

அன்புடன்,
பண்ணைக்காரன்


மே 14

பந்தயத்தில் தோற்றவருக்கு,

இன்று விடிகாலையில் உங்கள் ஆறு பெட்டைகளில் ஒன்று கூவிவிட்டது. சாதாரணக் கூவல் இல்லை, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற கூவல். கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா தடதடவென்று மாடிப்படி ஏறி வந்தார். நான் சேவலைப் போர்வைக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குத்தான் இருமல்" என்றேன். "இருமலுக்கு ஏம்மா கொண்டை தெரியுது?" என்று கேட்டார். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, நான் பிழைத்தேன். நாளைக்குள் சேவல் போய்விட வேண்டுமாம்.

திட்டித்தான் எழுத நினைத்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தையற்கடையிலிருந்து வந்தால் எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. வந்த நாளிலிருந்து இந்தக் குஞ்சுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐந்துக்குக் கண்ணோரத்தில் மை தீட்டியது போல ஒரு கோடு இருந்தது. முதுகுக் கோடும் ஸ்கேல் வைத்துச் சாக்குக்கட்டியால் இழுத்த மாதிரி அவ்வளவு சுத்தம். ஆறாவது மட்டும் மாவில் புரண்டது போல வெளுத்திருந்தது. அதன் கோடெல்லாம் அழுத கண்ணில் மை கலைந்த மாதிரி. கூவியது அதுதான்.

பொட்டைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள்.

சேவலை அதே கண்டக்டரிடம் அனுப்புகிறேன். கோபத்தில் சட்டியில் போட்டுவிடாதீர்கள். இவ்வளவு வெளுத்த சேவலை நம் பண்ணையில் நான் பார்த்ததே இல்லை.

மாடி வீட்டுக்காரி


ஜூன் 30

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

உன் சேவல் திரும்பி வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதற்கிடையே நான் எழுதிய கடிதங்களையெல்லாம் உறைக்குள் போடாமல் கிழித்துவிட்டேன். நல்ல செய்தியோடுதான் எழுதுவது என்று வைராக்கியம்.

அவன் வெறும் சேவல் இல்லை. தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் வரியை வாங்கிக்கொண்டு பிறந்தவன். பெட்டைக்கு வரி ஒரு பங்குதான் வரும், சேவலுக்கு இரண்டு பங்கு. அதனால்தான் நிறம் வெளுக்கிறது, கோடும் கலைகிறது. நீ கண்ணால் பார்த்ததற்குக் காரணம் இதுதான். அவனை வரிப் பெட்டைகளோடு விட்டேன். அவன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உன் சொல்லைக் காப்பாற்றுகிறார்கள். பெட்டைக்கு மை, சேவலுக்கு மாவு.

அடுத்த மாதம் உன் ஊரில் கோழிக் கண்காட்சி நடக்கிறது. என்னால் வர முடியாது, இங்கே அடிக்கடி கரண்ட் போகிறது. அடைகாப்புப் பெட்டியை விட்டு நகர்ந்தால் முட்டை அத்தனையும் பாழ். குஞ்சுகளை அனுப்புகிறேன். நடுவர்முன் சேவல், பெட்டை என்று பிரித்துக் காட்ட நீ போவாயா? என்னைவிட உனக்குத்தான் இந்தக் கோடு பிடிபட்டிருக்கிறது.

இன்னொன்று. நீ எவ்வளவு சண்டை போட்டும் படுக்கையறையை விட்டு நான் எடுக்காத அந்த அடைகாப்புப் பெட்டியைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். உனக்காக என்றால் நம்பமாட்டாய். எலித் தொல்லை என்று வைத்துக்கொள்.

பண்ணைக்காரன்


ஜூலை 27

அன்புள்ள உங்களுக்கு,

ஜெயித்துவிட்டோம்!

முதலிலிருந்து சொல்கிறேன். நடுவர் குஞ்சுத் தட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் குஞ்சைப் பார்த்தே சொல்றேன்னு வருஷா வருஷம் நாலு பேர் வர்றாங்கம்மா" என்றார். "அஞ்சாவது ஆளா நான் வந்திருக்கேன். கூடை ரெண்டு குடுங்க" என்றேன்.

கூட்டம் கூடிவிட்டது. முதல் குஞ்சைக் கையில் எடுத்ததும் கூட்டத்தை மறந்துவிட்டேன். மை, மாவு, மை, மை என்று துணி வெட்டுகிற வேகத்தில் பிரித்தேன். ஒரே ஒரு குஞ்சு மட்டும் என்னைப் படுத்திவிட்டது. சேவல் கூடையில் போட்டேன், மனசு கேட்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துப் பெட்டைக் கூடைக்கு மாற்றினேன். கூட்டத்தில் ஒருவன், "அக்கா, சீட்டுக் குலுக்கிப் போட்டுடுங்க!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு, குஞ்சின் பின்புறத்தை அழுத்திப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்லும் நிபுணர் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த மாற்றிப் போட்ட குஞ்சை எடுத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பெட்டை" என்றார். கடைசிக் குஞ்சையும் வைத்துவிட்டு எழுந்து, "ஒண்ணுகூடத் தப்பலைங்க!" என்று எனக்குக் கை கொடுத்தார்.

ஒன்றுகூட! மண்டபமே கை தட்டியது. என் வீட்டுக்கார அம்மா நாற்காலிமேல் ஏறி நின்று, "என் வீட்டு மொட்டைமாடியில வளர்ந்த அறிவு அது!" என்று கத்தினார்.

இனத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். உங்களைக் கேட்காமலே "கண்மைக்கோழி" என்று சொல்லிவிட்டேன். மைக்கில் அறிவித்துவிட்டார்கள், இனி மாற்ற முடியாது. "நீங்க பண்ணைக்காரருக்கு என்ன வேணும்?" என்றும் கேட்டார்கள். கொஞ்சம் யோசித்து, "பங்காளி" என்றேன்.

பரிசுக் கோப்பை என் தையல் மேஜைமேல் இருக்கிறது. தையற்கடையில் இன்று யாரும் வேலை பார்க்கவில்லை.

பங்காளி


ஆகஸ்ட் 2

என் கண்ணே,

உன் கடிதத்தைக் கொட்டகையில் நின்று உரக்கப் படித்தேன். கேட்க ஆள் இல்லை, கோழிகள்தான் கேட்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

நேற்றிலிருந்து போன் ஓயவில்லை. எத்தனையோ பண்ணைகள் கண்மைக்குஞ்சு கேட்கின்றன. எல்லோரும் கேட்பது, "அந்த அம்மா இருக்காங்களா?" என்றுதான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "வெளியே போயிருக்காங்க" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பங்காளி என்றால் பாதிப் பண்ணை உனக்கு. மனைவி என்றால் முழுதும். எப்படி வருகிறாய்?

உன்னுடைய,
பண்ணைக்காரன்


ஆகஸ்ட் 6

அன்புள்ள உங்களுக்கு,

பாதியே போதும். முழுப் பண்ணையையும் யார் கூட்டிப் பெருக்குவது? பங்காளியாகத்தான் வருகிறேன். பங்காளிக்குத்தான் சண்டை போட முழு உரிமை உண்டு. மற்றதெல்லாம் உங்கள் நடத்தையைப் பொறுத்தது.

மாடிக் கோழிகளைத் தரமாட்டேன் என்று வீட்டுக்கார அம்மா பிடிவாதம் பிடிக்கிறார். அவருக்கே விட்டுவிட்டேன். தையற்கடையிலும் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை வேன் பேசியிருக்கிறேன். தையல் மிஷினையும் ஏற்றி வருகிறேன். கனம் அதிகம், இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நீங்கள். இன்னொரு ஆளுக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். நான் இருக்கிறேன்.

அன்புடன்,
பங்காளி