ஒன்றேகால் மணித்தியாலம்

செவ்வாய், மாசி 10

வாடைக்காற்று. உடுப்பு காயவில்லை.

அக்கா சென்னையிலிருந்து போன் எடுத்தா. வெள்ளிக்கிழமை ஒப்பரேசன், நெஞ்சைத் திறக்கிறார்களாம். "உங்கட நேரம் அஞ்சு மணிக்கு உள்ள கொண்டு போவினம். அதுக்கு முதல் உன்னை ஒருக்கா பாக்கோணும்." அதே நாள் மத்தியானப் பிளேனுக்கு டிக்கெட் போட்டாயிற்று. எனக்கு முதல் பிளேன்.

கொழும்பு – சென்னை எவ்வளவு தூரம்? போனில் தேடினேன். அறுநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். மன்னாரில் எங்கள் பள்ளிமுனையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் ஏழு! இதென்ன கணக்கு? மகளின் அட்லஸில் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். கோடு மன்னாரை உரசிக்கொண்டு போகிறது.

இவர் வலை தைத்தபடியே சிரித்தார். "கொழும்புக்கு இறங்கி, திரும்ப எங்கட தலைக்கு மேலாலதான் பறக்கப் போறீர்."

"இதில நிப்பாட்டி ஏத்தச் சொல்லிக் கேக்கட்டோ?"

புதன்

கொண்டுபோக: கருவாடு (டொக்டர் விடமாட்டார், ஆனாலும்). பனங்கட்டி. மாதா படம். மடு மாதா கோயில் மண் ஒரு கடதாசிச் சரை, நோய்க்கு நல்லது. பிளேனில் மண் விடுவார்களா? யாரிடம் கேட்பது? சாமான்களுக்கு நடுவில் வைத்துக் கட்டினேன்.

பயம்தான். பிளேனுக்கு அல்ல, அக்காவுக்கு.

வியாழன், நீர்கொழும்பு, மச்சாள் வீடு

முதலில் மதவாச்சி, பிறகு அனுராதபுரம், புத்தளம். இந்தியாவுக்குப் போக, இந்தியாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க பஸ்ஸில். இடுப்பு விட்டுப் போயிற்று.

வெள்ளி

மண்ணை ஒருவரும் கேட்கவில்லை. கருவாட்டுக்குத்தான் மூக்கைச் சுளித்தார்கள்.

இடப்பக்க ஜன்னல் கேட்டு வாங்கினேன். பக்கத்தில் ஒரு வவுனியாத் தம்பி. மணிக்கூட்டை எவ்வளவு பின்னுக்குத் திருப்ப வேணும் என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே நேரம்தான், அன்ரி. முந்தித்தான் அரை மணி வித்தியாசம்."

யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். தலைமன்னாரில் போனுக்கு இந்திய சிக்னல் விழுந்தாலும் நேரம் மாறுவதில்லையே. பிறகுதான் கணக்குப் பார்த்தேன். அக்கா அகதியாய் இந்தியாவுக்குப் படகேறின காலத்தில் எங்கள் மணிக்கூடு அரை மணி முந்தி ஓடியது. பிறகு அரசாங்கம் திருப்பி வைத்தது, அக்கா வைக்கவில்லை. அங்கத்தை நேரத்தோடு அரை மணி கூட்டித்தான் "உங்கட நேரம் அஞ்சு" என்றிருக்கிறா. அப்படியென்றால் ஒப்பரேசன் நாலரைக்கு! பிளேனுக்குள் இருந்துகொண்டு ஓடவும் முடியாது.

அரை மணி ஆகவில்லை, கீழே மன்னார். பாலம், கோட்டை, எங்கள் கோயில் கூடத் தெரிந்த மாதிரி. அங்கால் மணல்திட்டுகள். சண்டைக்குள் அக்காவைப் படகுக்காரன் இரவோடு இரவாக இறக்கிவிட்டுப் போன திட்டு எது? இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் நின்றவ. எது எது என்று பார்க்கிறதுக்குள் முகில் மூடிவிட்டது.

மாலை, ஆஸ்பத்திரி வராந்தா

ஓட்டோக்காரனைப் படாத பாடு படுத்தி வந்து சேர்ந்தேன். அக்காவை ஏற்கெனவே தள்ளிக்கொண்டு போகிறார்கள். பக்கத்தில் ஓடினேன். தலை முழுக்க நரை. என் கையைப் பிடித்தா.

"எவ்வளவு நேரமடி எடுத்தது?"

"பிளேனில ஒண்டேகால் மணித்தியாலம், அக்கா."

"அவ்வளவுதானா?" கையை விடவில்லை. "பின்ன ஏனடி இருபத்தஞ்சு வருசமா வரேல்லை?"

தாதி கையைப் பிரித்துவிட்டா. கதவு சாத்தியாயிற்று.

இன்னும் திறக்கவில்லை.