நண்டு சிரிக்கிற பக்கம்

ஜூன் 11, செவ்வாய்

சென்னையிலிருந்து எடிட்டர் சிவராமகிருஷ்ணன் போன் செய்தார். என் நண்டுப் புத்தகம் நன்றாக இருக்கிறதாம். ஆனால் நண்டு பேசினால் இன்னும் நன்றாக இருக்குமாம். "குழந்தைங்களுக்கு ஒரு கேரக்டர் வேணும் ஜிஷா மேடம். நண்டு தாத்தா மாதிரி."

இது தகவல் புத்தகம் சார், நண்டு பேசாது என்றேன். "வெங்கிட்டு சாரோட கொசு பேசுதே? மூணாவது பதிப்பு போகுது!"

வெங்கிட்டு! 'அறிவியல் அண்ணா' வெங்கிட்டு! எழுதுகிறானாம், மண்ணாங்கட்டி. நெட்டில் கிடப்பதை வழித்தெடுத்து வரிக்கு வரி ஆச்சரியக்குறி போடுவான். அவன் புத்தகத்தில் ஆண் கொசு கடிக்கிறது. சின்னப் பிள்ளைகள்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற திமிர்.

நண்டு ஒழுங்காக வந்தால் கடலோர வரிசையில் இன்னும் நாலு புத்தகம் எனக்கு. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

ஜூன் 15, சனி

மட்டாஞ்சேரி மார்க்கெட்டில் மாயம்மாளின் நண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மகள் இசக்கிசெல்விக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டினேன். எழுதியதை ஒரு பிள்ளையிடம் வாசிக்காமல் நான் அனுப்புவதில்லை. கேட்கிற பிள்ளை மூக்கை நோண்ட ஆரம்பித்தால் அந்த வரியை அடித்துவிடுவேன். எந்த எடிட்டரையும்விட அந்த மூக்கு நம்பகமானது.

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பிள்ளை மூன்றாம் வகுப்பு, மலையாள மீடியம். தமிழ் கேட்டால் புரியும், ஓரெழுத்துகூட வாசிக்கத் தெரியாது. இந்த ஊரில் என் வாசகர்களின் லட்சணம் இது. தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் என் புத்தகங்களை வாங்கி ஷோகேஸில் பொம்மைக்குப் பின்னால் நிறுத்துவார்கள்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது மாயம்மாள் உயிரோடிருந்த ஒரு நண்டின் காலை முறித்துப் போட்டாள். இசக்கி கேட்டாள்: "ஆன்ட்டி, ஞண்டுக்கு வேதனிக்குமா?"

"ஏட்டி, வாய மூடிட்டு தண்ணி எடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

எனக்கே தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருஷமாகக் குழந்தைகளுக்குப் பதில் சொல்லியே பிழைக்கிறவள்.

ஜூன் 29, சனி

இரண்டு வாரமாகக் கட்டுரை கட்டுரையாகப் படித்துவிட்டுப் பதினாலாம் பக்கத்தை மாற்றி எழுதினேன்:

'நண்டுக்கு வலிக்குமா? வலிக்கும் என்று நினைக்க நிறையக் காரணங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் நண்டாக இருப்பது எப்படி இருக்கும்? அது நமக்குத் தெரியாது.'

இசக்கியிடம் வாசித்தேன். மூக்குப் பக்கம் கையே போகவில்லை. "இன்னொரு தடவை வாயிக்கி" என்றாள். நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான். யாரும் சொல்லப்போவதில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

"தெரியாதுன்னு எப்படி மேடம் போடறது? காசு குடுத்து வாங்கற அப்பா அம்மா என்ன நினைப்பாங்க?" என்றார் சிவராமகிருஷ்ணன்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற புத்தகம் என்று நினைப்பார்கள் சார் என்றேன்.

"நெகட்டிவ்வா இருக்கு."

அந்தப் பக்கம் இல்லாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்றேன். "பாக்கலாம் மேடம்" என்றார்.

ஜூலை 10, புதன்

பாக்கலாமாம். என்னத்தைப் பார்ப்பார்?

ஆகஸ்ட் 22, வியாழன்

புரூஃப் இன்னும் வரவில்லை. கேட்டால், "எல்லாம் ஓகே மேடம், நீங்க எழுதினபடியே போகுது." மனுஷன் திருந்திவிட்டானோ?

நவம்பர் 12, செவ்வாய்

திருந்துகிற மூஞ்சியா அது!

பார்சல் வந்தது. பதினாலாம் பக்கத்தில் நண்டு சிரிக்கிறது. பல் வரைந்திருக்கிறான்கள் பாவிகள், நண்டுக்குப் பல்! கண்ணாடி வேறு போட்டிருக்கிறது. கீழே: 'நண்டு தாத்தாவுக்கு வலிக்கவே வலிக்காது! ஜாலி ஜாலி!'

அட்டையில் என் பேர். என் பேர்! அந்தப் பிள்ளை கேட்டதுக்கு நான் சொன்ன பதில் இதுன்னு ஆகிப்போச்சே. எப்படி அவ மூஞ்சில முழிப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தில் வெளியீடு. வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு பிரதி இலவசமாம்.

நவம்பர் 17, ஞாயிறு

சங்கச் செயலாளர் செல்லதுரை தாய்மொழிப் பற்று பற்றி முழங்கினார், முழங்கினார், முழங்கிக்கொண்டே இருந்தார். அவருடைய பேரன் முன்வரிசையில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தான். ரயிலேறி வந்த சிவராமகிருஷ்ணன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். என்ன சிரிப்பு! நண்டு தோற்றது.

மைக் என் கைக்கு வந்தது. பதினாலாம் பக்கத்தை விரித்துத் தூக்கிக் காட்டினேன். "பிள்ளைங்களா, இது பொய். நான் எழுதினது இல்ல. இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடுங்க."

பிள்ளைகள் அம்மாக்களைப் பார்த்தார்கள். இசக்கி யாரையும் பார்க்கவில்லை. சர்ரென்று ஒரே இழுப்பு. அப்புறம் யார் நிறுத்துவது? ஒருவன் உற்சாகத்தில் அட்டையையும் சேர்த்துக் கிழித்தான். செல்லதுரை மைக்கைப் பிடுங்கினார். சிவராமகிருஷ்ணன் வாயைப் பிளந்து நின்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

சிவராமகிருஷ்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் நாலே வரி. கடலோர வரிசை முழுவதும் வெங்கிட்டுவுக்கு. எனக்கு 'மனமார்ந்த வாழ்த்துகள்'.

போகட்டும் போ.

—எழுதிவிட்டேனே தவிர, மத்தியானம் உட்கார்ந்து அழுதேன். இந்த வேலையைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

ஜனவரி 21, செவ்வாய்

நண்டு இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அட்டையில் 'அறிவியல் அண்ணா வெங்கிட்டு'. உள்ளே என் வரிகள், காற்புள்ளி உட்பட. பதினாலாம் பக்கத்தில் மட்டும் அதே சிரிக்கிற நண்டு, அவனுக்கேற்ற பக்கம். உரிமை முழுக்கப் பதிப்பகத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். செல்லதுரை நூறு பிரதி வாங்கிப் பள்ளிக்கூட லைப்ரரிகளுக்கு வாரி வழங்குகிறார். தூ!

பிப்ரவரி 6, வியாழன்

காலையிலேயே மாயம்மாள் வாசலில் நின்று கத்தினாள். "யக்கா, பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்திய? ஸ்கூல் லைப்ரரி புஸ்தகத்தக் கிழிச்சுப்புட்டு நிக்கா! டீச்சரு என்னய வரச் சொல்லுதாவ. நீங்க வந்து பதில் சொல்லுங்க!" நண்டு அறுத்த கையோடு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூடம் என்றாலே எனக்கு ஆகாது. பேசக் கூப்பிட்டால் பூமாலை, சாயா, பருப்பு வடை, கடைசியில் யாரும் கேட்காத கேள்வி நேரம். இன்று பூமாலையும் இல்லை, சாயாவும் இல்லை. தலைமையாசிரியை அறையில் இசக்கி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேஜைமேல் சிரிக்கிற நண்டு, தனித்தாளாக.

"நிங்ஙள் ஆரா?" என்றார் தலைமை டீச்சர்.

இந்தப் புத்தகத்தை எழுதினவள் என்றேன்.

டீச்சருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆபீஸிலிருந்து பாலக்காட்டுக்கார கிளார்க்கை வரவழைத்தார். அவர் அட்டையை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இதுல வேற ஆள் பேரு இருக்கே" என்றார்.

நான் என்னத்தைச் சொல்ல? ஒப்பந்தத்தை எடுத்து நீட்டவா?

"ஆன்ட்டியோட புக்குதன்னே டீச்சரே" என்றாள் இசக்கி. அழவில்லை, கோபம்தான். "எனிக்கு வாயிச்சுத் தந்ததே ஆன்ட்டியா. ஈ பேஜ் மாத்ரம் ஆன்ட்டி எழுதியதல்ல. அதான் கீறினேன்."

டீச்சர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எப்படியானாலும் புதுப் பிரதி ஒன்று வாங்கித் தர வேண்டும் என்றார்.

அந்தக் கண்றாவியை வாங்க மாட்டேன் என்றேன். வேறு புத்தகம் தருகிறேன், இன்னும் எழுதி முடிக்கவில்லை, இந்தப் பிள்ளை கேட்டு முடித்ததும் கொண்டுவருகிறேன் என்றேன்.

சாயந்திரம் மார்க்கெட்டுக்குப் போய் உட்கார்ந்து முதல் பக்கத்தை வாசித்தேன். நாலாவது வரியில் இசக்கி மூக்கை நோண்டினாள். அடித்துவிட்டேன்.